ஆயிரத்தில் மூன்று

மஞ்சக்குட்டை போகும் சாலையில், பழைய காபி எஸ்டேட் ஒன்றின் கிடங்குக்கு வெள்ளையடித்து, ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டு, உள்ளே ஒரு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பைக் குடிவைத்திருந்தார்கள். சேலத்து வெயிலிலும் புழுதியிலும் நாலு மாதம்கூடத் தாங்காத எந்திரம் அது. கோடைக்கு மலையேறி வருகிற பெரிய மனிதர்கள் வெயில் தணிந்ததும் இறங்கிப் போய்விடுவார்கள். எந்திரம் இறங்கவில்லை. ஐந்து வருஷமாக இங்கேயே இருந்தது. கொட்டச்சேட்டுக் கண்ணாயியும் ஐந்து வருஷமாக அதன் பக்கத்திலேயே இருந்தாள்.

சீசா கழுவத்தான் அவளை வேலைக்கு எடுத்தார்கள். பத்தாவது தேறியவள், எஸ்டேட்டில் காபிக்கொட்டை தரம் பிரித்த கை என்று தெரிந்ததும், மைக்ராஸ்கோப்புக்கு மாதிரி தயார் செய்கிற வேலையைக் கொடுத்தார்கள். கம்பெனியின் சரக்கு, மெருகேற்றும் பொடி. மலையில் வெட்டிய பாக்சைட்டைக் கீழே உலையில் உருக்கி, உடைத்து, மாவாக்கி, மறுபடி மலைக்கு அனுப்புவார்கள். இங்கே ஓடைத் தண்ணீர் நிறைந்த தொட்டிகளில் கரைத்துப் பெரிது சிறிதாகப் பிரிப்பார்கள். கண்ணாடி லென்ஸ்களைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது அந்தப் பொடிதான். ஒரு தலைமுடியின் குறுக்கே பன்னிரண்டு துகள்களை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சின்னது. அதில் தப்பித் தவறி ஒரு பெரிய துகள் நுழைந்துவிட்டால் லென்ஸில் கீறல் விழும்.

கண்ணாயிக்கு முதல் நாள் திரையில் பார்த்தது இன்னும் நினைவிருந்தது. விரலில் ஒட்டினால் தெரியாத மாவு, அங்கே மலைத்தொடராக நின்றது. செங்குத்துப் பாறைகள், பிளவுகள், பள்ளத்தாக்குகள். யாரும் கால் வைக்காத ஏதோ ஒரு வெள்ளை நாடு. அன்று மாலை கொட்டச்சேட்டுக்கு நடக்கும்போது, செருப்பில் ஒட்டிய செம்மண்ணைக்கூட அவள் சற்று மரியாதையாகத் தட்டிவிட்டாள்.

அந்த நாட்களில் படத்தை அச்செடுத்து, அளவுகோல் வைத்து, துகள் துகளாக அளந்து நோட்டில் எழுதுவாள். ஒரு நாளைக்கு இருநூறு துகள். போன கோடையில் எந்திரத்தோடு ஒரு கம்ப்யூட்டரை இணைத்தார்கள். அது மாதிரியைக் கட்டம் கட்டமாக நகர்த்தும், ஒவ்வொரு இடத்தையும் படமெடுக்கும், வெள்ளையாகத் தெரிகிற திட்டுகளை எண்ணும், அளக்கும். இருபது நிமிஷத்தில் இரண்டாயிரம் துகள். அளவுகோல் மேஜை இழுப்பறைக்குள் போயிற்று. அதற்குப் பிறகு யாரும் படத்தைப் பார்க்கவில்லை. பிரிண்டர் கக்குகிற எண்களைத்தான் பார்த்தார்கள்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் கார்த்திகையில் அந்த எண்கள் கெட்டுப்போயின.

"முப்பத்தொண்ணு" என்றார் பழனிசாமி. ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பான இன்ஜினியர்; சேலத்துக்காரர். பிரிண்டர் தாளைக் கிழிக்காமலே கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆயிரத்துக்கு முப்பத்தொண்ணு பன்னெண்டு மைக்ரானுக்கு மேல இருக்குது. மூணு வரைக்குந்தான் விடுவாங்க."

"போன வாரம் இருவத்தெட்டுங்க சார்" என்றாள் கண்ணாயி.

"அதத்தான் நானும் சொல்றேன். ஏறிக்கிட்டேல்ல போவுது."

தொட்டி வேலை பார்க்கும் பெருமாள் கதவருகே நின்றிருந்தார். ஐம்பது வயது, இப்போது சோதனையில் நிற்கும் இரண்டு டன் பொடியையும் தண்ணீரில் பிரித்தெடுத்தவர் அவர்தான். "ஏனுங்க, என் தொட்டியில அத்தன பெருசு தப்பிச்சு வரவே வராதுங்க" என்றார். "இருவது வருசமா தண்ணியில நிக்கிறேன். காலு தவக்கா காலாட்டம் ஆகிப்போச்சு. எனக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும் பெருமாளு. மெஷினுக்குத் தெரியணுமே."

பழனிசாமி நாற்காலியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். பெங்களூர் லென்ஸ் கம்பெனியிலிருந்து நாளைக்கு ஒரு அம்மா நேரில் வருகிறார். அவர் கண்ணெதிரே மூன்றாம் முறை சோதனை. அதிலும் தேறாவிட்டால் இரண்டு டன்னையும் வாங்க மாட்டார்கள். அதோடு முடியாது. பொடி நன்றாக இருக்கிறது என்று தொட்டிக்காரர் சொல்கிறார், கெட்டுவிட்டது என்று ஆய்வுக்கூடம் சொல்கிறது. இரண்டில் ஒன்று பொய் என்பது முதலாளியின் கணக்கு. மைக்ராஸ்கோப்பை பெங்களூரில் ஒரு சோதனைக் கூடத்துக்கு விற்றுவிட ஏற்கனவே பேச்சு நடக்கிறது.

"வித்துப்போட்டா?" என்று கேட்டாள் கண்ணாயி.

"எனக்குக் கீழ வேற வேல இருக்குது. உனக்குத்தான்..." பழனிசாமி இழுத்தார்.

எஸ்டேட்டுக்குத் திரும்பிப் போகலாம். காபிக்கொட்டை எங்கேயும் போய்விடாது. ஆனால் அந்த வெள்ளை நாட்டை மறுபடி பார்க்க முடியாது. இதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பெருமாள் ஒரு வாரம் சிரித்திருப்பார்.

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா? அந்த முப்பத்தொண்ணையும் படமா காட்டுமுங்களா மெஷினு?"

"நெம்பர்தான் வந்துருச்சே."

"நெம்பருக்கு மூஞ்சி இல்லீங்களே சார்."

பழனிசாமி பெருமூச்சு விட்டபடி விசைகளைத் தட்டினார். பெரியவை என்று எந்திரம் குறித்துவைத்த துகள்கள் ஒவ்வொன்றாகத் திரையில் எழுந்தன. முதலாவது வந்ததுமே கண்ணாயி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அது ஒரு பாறை இல்லை. நாலு சின்னப் பாறைகள் ஒன்றோடொன்று சாய்ந்து நின்றன. அடுத்தது மூன்று. அதற்கடுத்தது ஒரு கும்பல்.

"கை கோத்துக்கிட்டு நின்னா ஒரே ஆளுன்னு எண்ணிப்போடுதுங்க" என்றாள். "நான் அளவுகோல் வெச்சு அளக்கறப்ப பிரிச்சுப் பாத்து அளப்பேன். இதுக்கு அது தெரியல."

"அப்ப பொடி சுத்தமா?" பெருமாளின் குரல் உயர்ந்தது.

"பொறுங்கண்ணா. எல்லாமே எந்த எடத்துல இருக்குதுன்னு பாப்பம்."

எந்திரம் ஒவ்வொரு துகளுக்கும் இடத்தையும் குறித்திருந்தது. பத்துப் பைசா அளவு அலுமினிய வில்லை மேல்தான் மாதிரியை வைப்பார்கள். பொடியைக் கொஞ்சம் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, ஒரு சொட்டு விட்டு, காயவிட வேண்டும். மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தங்கப் பூச்சு. கையேட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. கண்ணாயி ஒரு தாளில் வட்டம் போட்டு, முப்பத்தொன்றையும் அதனதன் இடத்தில் புள்ளி வைத்தாள். இருபத்தொன்பது புள்ளிகள் வட்டத்தின் விளிம்பை ஒட்டியே விழுந்தன.

மூவரும் அந்தத் தாளைப் பார்த்தார்கள். பிறகு கண்ணாயியின் கண் நோட்டுப் பக்கத்துக்குப் போயிற்று. காலையில் பழனிசாமியின் டம்ளரிலிருந்து காபி ஒரு சொட்டு அதில் விழுந்திருந்தது. நடுவில் வெளிறி, ஓரத்தில் மட்டும் கறுப்பாக ஒரு வளையம்.

"சார், இதப் பாருங்க."

"காபிக் கறை. இன்னைக்குத்தான் பாக்கறியா?"

"தண்ணி காயறப்போ எல்லாத்தையும் ஓரத்துக்கு இழுத்துக்கிட்டுப் போயிருதுங்க. நம்ம சொட்டும் அப்படித்தானுங்களே. வெயில் காலத்துல வெரசா காஞ்சிருது. இப்ப இந்தப் பனியில மூணு மணி நேரம் ஈரமாவே கெடக்குது. அத்தன நேரமும் இழுத்துக்கிட்டே இருக்குமுங்க."

பழனிசாமி கையேட்டை எடுத்துப் புரட்டினார். 'அறை வெப்பத்தில் காயவிடவும்' என்று இருந்தது. எந்த ஊர் அறை என்று எழுதியவர் சொல்லவில்லை. அந்த ஊரில் கார்த்திகை மாதம் உண்டா என்பதும் தெரியவில்லை.

"அப்ப தண்ணியே இல்லாம எப்படி வெக்கறது? தூவினா கட்டி கட்டியா விழும்."

கண்ணாயி யோசித்தாள். கொட்டச்சேட்டில் அவர்கள் காட்டில் முதல் மழைக்குச் சாமை விதைப்பாள். சாமை கடுகளவுதான் இருக்கும். மண்ணைப் பார்த்து எறிந்தால் ஒரே இடத்தில் கொத்தாக முளைக்கும். கையை மேலே வீச வேண்டும். விதை காற்றில் பிரிந்து, தானாக இறங்க வேண்டும்.

"வெக்கப்படாதுங்க சார். விழ உடோணும்."

காண்டீன் அலமாரியில் ஊறுகாய் போடும் பெரிய கண்ணாடி ஜாடி ஒன்று காலியாக இருந்தது. அதைக் கழுவி விளக்கடியில் உலர்த்தினாள். பொடியையும் விளக்கின் சூட்டில் உலர்த்தினாள். ஜாடியின் அடியில் ஒட்டுத்தாள் ஒட்டிய வில்லையை வைத்து, ஊசி முனையளவு பொடியை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, தூசி ஊதுகிற ரப்பர் பந்தால் ஜாடியின் வாய்க்குள் மேல்நோக்கி ஊதினாள். உள்ளே ஒரு சின்ன மூடுபனி எழுந்தது. மூடியைப் போட்டாள். இரண்டு நிமிஷத்தில் ஜாடி தெளிந்தாற்போல் தெரிந்தது. வில்லையை எடுக்கக் கை நீட்டினாள்.

"எடுக்காத அம்மிணி" என்றார் பெருமாள்.

"தெளிஞ்சிருச்சுங்களேண்ணா."

"கண்ணுக்குத் தெளியும். என் தொட்டியும் அப்படித்தான் ஏமாத்தும். பெருசு மொதல்ல வந்து உக்காந்துக்கும், பொடுசு நொம்ப நேரம் மேலயே ஊசலாடிக்கிட்டுக் கெடக்கும். இப்ப எடுத்தீன்னா பெருசு மட்டுந்தான் எண்ணிக்கையில வரும். ஒரு மணி நேரம் உடு."

கண்ணாயி கையை இழுத்துக்கொண்டாள். "நல்லவேளைங்கண்ணா."

"தவக்காக் காலுக்கும் ஒரு மதிப்பு இருக்குதில்ல" என்று பெருமாள் பழனிசாமியைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஜீப்பில் வந்து இறங்கினார் சாந்தாமேரி. பெங்களூர் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி, கிருஷ்ணகிரியில் பிறந்தவர், நாற்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே ஜாடியைப் பார்த்தார்.

"ஊறுகாய் வாசம் வருதே."

"மூணு தரம் கழுவினதுங்க" என்றாள் கண்ணாயி.

பழனிசாமி எல்லாவற்றையும் விளக்கினார். சாந்தாமேரி குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும், "ரெண்டு தடவை ஃபெயில் ஆச்சு. இப்போ முறையை மாத்திட்டோம், பாஸ் ஆயிடும்னு சொல்றீங்க. என் இடத்துல நீங்க இருந்தா நம்புவீங்களா சார்?" என்றார்.

 கண்ணாயிதான் சொன்னாள்: "நம்ப மாட்டமுங்க."

சாந்தாமேரி அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தார். பையிலிருந்து விரல் நீளச் சீசா ஒன்றையும், அரக்கு வைத்து ஒட்டிய உறை ஒன்றையும் எடுத்து மேஜை மேல் வைத்தார். "இது அளவு தெரிஞ்ச பொடி. எவ்வளவுன்னு உறைக்குள்ள இருக்கு. உங்களுக்குத் தெரியாது. பழைய முறையில ஒண்ணு, உங்க ஜாடியில ஒண்ணு, ரெண்டும் வைங்க. அப்புறம் பேசலாம்."

கண்ணாயி இரண்டையும் தயார் செய்தாள். சாந்தாமேரி அவள் பின்னாலேயே நின்றார். சொட்டு காய மூன்று மணி நேரம். ஜாடிக்கு ஒரு மணி நேரம். தங்கப் பூச்சு அறையில் ஊதா ஒளி எரிந்தபோது பெருமாள் எட்டிப் பார்த்து, "தங்கம் தங்கம்ங்கறாங்க, ஒரு மூக்குத்திக்கு ஆகுமாங்க இது?" என்றார். "ஈக்கு மூக்குத்தி செய்யக்கூடப் பத்தாது" என்று சாந்தாமேரி சொன்னதும் அறை கொஞ்சம் இளகியது. ஆனால் எந்திரத்தின் காற்றை வெளியேற்றுகிற பம்ப் ஓட ஆரம்பித்ததும் எல்லாரும் திரைப் பக்கம் திரும்பினார்கள்.

முதலில் சொட்டு வைத்த வில்லை. சராசரி எட்டு புள்ளி எட்டு மைக்ரான். ஆயிரத்துக்கு முப்பத்தாறு பெரியவை. அடுத்தது ஜாடியில் விழுந்த வில்லை. சராசரி ஆறு புள்ளி மூன்று. பெரியது ஒன்றுகூட இல்லை.

சாந்தாமேரி அரக்கைப் பிளந்தார். தாளைப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு அதைக் கண்ணாயி பக்கம் நகர்த்தினார். ஆறு புள்ளி இரண்டு. பன்னிரண்டுக்கு மேல்: இல்லை.

 கண்ணாயி நெற்றியில் துளிர்த்த வியர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். அந்தக் குளிரில் வியர்த்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ஜாடி பாஸ்" என்றார் சாந்தாமேரி. "பொடி இன்னும் பாஸ் ஆகல. எடுங்க."

இரண்டு டன் பொடியிலிருந்து அவரே கிண்டி எடுத்துவந்த மாதிரி, சொட்டு காய்ந்துகொண்டிருந்த நேரத்திலேயே ஜாடியில் இறங்கிப் பூச்சும் வாங்கிக் காத்திருந்தது. எந்திரத்துக்குள் வைத்து மூடினாள். மணி நாலாகியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்கள் மூடுபனிக்குள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன.

ஆயிரம் துகள் எண்ண வேண்டும். எண்ணிக்கை திரையின் ஓரத்தில் ஏறியது. நூறு, நூற்றைம்பது. இருநூற்றுப் பத்தில் ஒரு பெரியது. படத்தைக் கூப்பிட்டார்கள், உண்மையிலேயே ஒற்றைத் துகள். ஐநூற்றெண்பதில் இன்னொன்று. பெருமாள் தோள் துண்டை எடுத்து முறுக்க ஆரம்பித்தார். எழுநூற்று முப்பதில் மூன்றாவது வந்தது.

இன்னும் இருநூற்றெழுபது பாக்கி. இனி ஒன்றே ஒன்று வந்தாலும் எல்லாம் போயிற்று.

பழனிசாமி எண்ணுவதை நிறுத்தினார். மூன்றாவதின் படம் எழுந்தது. நடுவே கறுப்பாக ஒரு கோடு. "இது ரெண்டு" என்றார் வேகமாக. "ரெண்டு ஒட்டிக்கிட்டு இருக்குது. பாருங்க மேடம், கோடு தெரியுது. ஜாடியிலயும் ஒண்ணு ரெண்டு ஒட்டத்தானே செய்யும். இதை எடுத்துறலாம்." அவர் விரல் நீக்கும் விசைக்கு மேல் போய் நின்றது.

சாந்தாமேரி திரையையும் அந்த விரலையும் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

கண்ணாயி திரைக்கு முகத்தைக் கொண்டுபோனாள். "இன்னும் பெருசு பண்ணுங்க சார்."

கோடு அகன்று பள்ளத்தாக்காயிற்று. அதன் இரண்டு கரைகளிலும் பாறைப் படிகள் ஓடின. இந்தக் கரையில் எந்தப் படியோ, அந்தக் கரையிலும் அதே படி. பள்ளத்தாக்கு ஒரு முனையில் குறுகி, குறுகி, நின்றுவிட்டது. அதற்கப்பால் பாறை முழுசாக இருந்தது. ஒட்டிய இரண்டு பாறைகளுக்கு நடுவில் இப்படிக் கோடு பாதியில் நிற்காது. இந்த ஐந்து வருஷத்தில் அளவுகோலோடு அவள் கடந்துபோன பிளவுகள் எத்தனையோ.

பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை. சும்மா இருந்தால் போதும். சும்மா இருந்தால் எந்திரம் இங்கேயே இருக்கும்.

"ஒண்ணுதானுங்க சார்" என்றாள். "வெடிச்ச கல்லு. ஆனா ஒரே கல்லு."

"கண்ணாயி..." பழனிசாமி குரலைத் தாழ்த்தினார். "உனக்காகத்தான் சொல்றேன்."

"தெரியுமுங்க சார். சேந்து நின்ன நாலுபேரை ஒருத்தன்னு மெஷினு எண்ணுச்சு; தப்புன்னு சொன்னம். இப்ப ஒருத்தன ரெண்டு பேருன்னு நாம எண்ணுனா அதவிடத் தப்புங்களே. இருந்துட்டுப் போவுது. நம்ம மலைக் கல்லுதானுங்க."

பழனிசாமியின் விரல் விசையிலிருந்து விலகியது. எண்ணிக்கை மறுபடி ஓடத் தொடங்கியது.

எழுநூற்றைம்பது. எண்ணூறு. பெருமாள் வெளியே போனார், உள்ளே வந்தார், மறுபடி போனார். எண்ணூற்றெழுபதில் ஏதோ பெரிதாகத் தெரிந்து பழனிசாமி மூச்சை இழுத்தார். பதினொன்று புள்ளி ஒன்பது என்று அளந்துவிட்டுக் கடந்துபோயிற்று எந்திரம். தொள்ளாயிரத்தைத் தாண்டியபின் கண்ணாயி எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் படங்களைப் பார்த்தாள். ஒவ்வொரு துகளும் தனித்தனியாக, தன்னைச் சுற்றிக் கொஞ்சம் இருட்டோடு, ஊர்விட்டு ஊர் இருக்கும் மலைக்கிராமங்கள் போல உட்கார்ந்திருந்தது. நன்றாக விதைத்த காடு. யார் வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. இந்த விதைப்பு என்னுடையது என்று நினைத்தபோது அவள் முதுகு தானாக நிமிர்ந்தது.

பிரிண்டர் கிறீச்சிட்டது. ஆயிரம் துகள். பன்னிரண்டுக்கு மேல், மூன்று.

 சாந்தாமேரி தாளைக் கிழித்து, மேஜையில் வைத்து, பேனாவைத் திறந்தார். "சார், நீங்க மட்டும் அதை நீக்கியிருந்தா நான் ஜீப்பில ஏறியிருப்பேன்" என்றார். "எனக்கும் அது ஒரே கல்லாத்தான் தெரிஞ்சுது." கையெழுத்துப் போட்டுவிட்டுக் கண்ணாயியிடம் திரும்பினார். "இந்த ஜாடி முறையை எழுதிக் கொடுங்க. எவ்வளவு நேரம் உலர்த்தணும், எவ்வளவு நேரம் விடணும், எல்லாம். எங்க கம்பெனிக்குப் பொடி தர்றவங்க எல்லாரும் இனி இப்படித்தான் வைக்கணும்னு சொல்லப்போறேன். சோதனையும் இங்கேதான் நடக்கணும். உங்க முதலாளிகிட்ட இன்னைக்கே பேசறேன்."

"தமிழ்ல எழுதலாமுங்களா?"

"எழுதுங்க. இங்கிலீஷ்ல மாத்திக்கறது என் வேலை."

அறிக்கையின் அடியில் 'மாதிரி தயாரித்தவர்' என்று ஓர் இடம் உண்டு. இத்தனை வருஷமாக அதில் ஆய்வுக்கூடத்தின் முத்திரையைத்தான் குத்திவந்தார்கள். பழனிசாமி முத்திரைப் பெட்டியைத் திறந்து, ஒரு கணம் பார்த்துவிட்டு மூடினார். பேனாவை அவள் கையில் கொடுத்தார். காதெல்லாம் சிவந்திருந்தது அவருக்கு. "நீயே போடு, ஆயா" என்றார், சேலத்தில் தன் மகளைக் கூப்பிடுகிற மாதிரி.

கண்ணாயி தன் பெயரை முழுசாக எழுதினாள். ஊரையும் சேர்த்துக் 'கொட்டச்சேடு' என்று எழுதினாள். அதற்கு அங்கே இடம் போதவில்லை. கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போயிற்று.

"அம்மிணி" என்றார் பெருமாள். "ரெண்டு டன்னுல ஆயிரத்துக்கு மூணு உட்டுப்போட்டனே, அதை ஊரெல்லாம் சொல்லிப்போடாத."

கண்ணாயி மூன்றாவது கல்லின் படத்தை அச்செடுத்து அவரிடம் நீட்டினாள். "கொண்டு போயி உங்க தொட்டி மேல ஒட்டி வையுங்கண்ணா. இவன்தான் உங்களுக்குத் தண்ணி காட்டுனவன்."

அவர் ஒட்டினார். மறுநாள் குப்பனூர் வழியாகப் பொடி லாரி இறங்கிப் போகும் முன், டிரைவரையும் கிளீனரையும் தொட்டிப் பக்கம் கூட்டிப்போய், அந்தப் பள்ளத்தாக்கு எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.